‘மண்ணு செத்துப்போச்சு’: திருச்சுழிப் பக்கத்துக் களர் நிலத்தின் கதை

(எபிசோடின் பேச்சு, படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் தொகுக்கப்பட்டது.)

இன்னைக்குக் கதை ஒன்றரை ஏக்கரில் ஆரம்பிக்குது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பக்கம் எங்க பெரியப்பாவுக்கு இருக்கிற நிலம் அது. சின்ன வயசில் நான் அங்கே பருத்தி பார்த்திருக்கேன். அப்புறம் போர் போட்டாங்க. கொஞ்ச வருஷம் கத்தரி, மிளகாய், மல்லிகை என்று பச்சைப் பசேலென்று இருந்தது. அதுக்கப்புறம் ஒவ்வொன்றாக இலை ஓரம் கருக ஆரம்பித்தது. மழை பெய்தால் தண்ணி கீழே இறங்காமல் ரெண்டு மூணு நாள் அப்படியே நிற்கும். காய்ந்தால் மண் மேல ஓடு மாதிரி கட்டிக்கும். வரப்பு ஓரத்தில் சாம்பல் தூவின மாதிரி வெள்ளை. கடைசியில் சீமைக்கருவேலம் வந்து உட்கார்ந்தது. பெரியப்பாவைக் கேட்டால் ஒரே வரிதான்: “மண்ணு செத்துப்போச்சுப்பா.”

அந்த வரியை நானும் ரொம்ப நாள் நம்பினேன். இந்த எபிசோடுக்காகப் படிக்க உட்கார்ந்தபோதுதான் வேற மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். அந்த மண்ணில் ஒரு உலோகம் ஏறியிருக்கு. அதே சமயம் ஒரு சத்து இறங்கியிருக்கு. ஏறினதை மட்டும் பார்த்தால் அது விஷமான நிலம். இறங்கினதையும் சேர்த்துப் பார்த்தால் அது பசியில் இருக்கிற நிலம். இந்த ரெண்டாவது பார்வை வர மனுஷங்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. அதுதான் இன்னைக்குக் கதை.

உலோகம் என்றதும் உங்களுக்குப் பாதரசம், காரீயம், குரோமியம் எல்லாம் ஞாபகம் வரும். அதுக்கும் வருவோம். ஆனால் திருச்சுழிப் பக்கத்து வில்லன் சோடியம். ஆமாம், சாப்பாட்டு உப்பில் இருக்கிற அதே சோடியம். தனியாகப் பிரித்தால் அது வெள்ளி மாதிரி மின்னும், கத்தியால் வெட்டலாம், தண்ணியில் போட்டால் சீறும். 1807இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி என்பவர் மின்சாரம் பாய்ச்சி முதலில் பொட்டாசியத்தையும், சில நாளில் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். அடுத்த வருஷம், 1808இல், கால்சியத்தையும் தனியாக எடுத்துக் காட்டினார். நம்ம கதையின் மூணு முக்கியமான பாத்திரங்களும் ஒரே மனுஷர் கையிலிருந்து, பதினைந்து மாசத்துக்குள்ளே வெளியே வந்தவை. அவை மண்ணுக்குள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும் என்று அப்போ யாருக்கும் தெரியாது.

ஆனால் சோடியம் என்ற பெயர் வருவதற்கு ரொம்ப முன்னாடியே, அது மண்ணில் என்ன பண்ணும் என்று தமிழுக்குத் தெரியும். நம்மகிட்ட ஒரு சொல் இல்லை, ரெண்டு சொல் இருக்கு: உவர், களர். உவர் நிலம் என்றால் உப்பு மேலே பூத்து நிற்கிற நிலம். களர் என்றால் உப்பு அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மண்ணே கெட்டுப்போய் எதுவும் முளைக்காது. பழைய நிலதானச் சாசனங்களிலும் இந்த ரெண்டு சொல்லும் வரும். வள்ளுவர் படிக்காதவர்களைக் களர் நிலத்தோடு ஒப்பிட்டார். அந்த நிலத்தின் மேல் பழி அப்பவே ஆரம்பிச்சாச்சு!

இதைவிட எனக்குப் பிடித்தது புறநானூற்றின் 311ஆம் பாட்டு. ஔவையார் பெயரில் இருக்கு. அதில் துணி வெளுக்கும் பெண் ஒருத்தி வருகிறாள். களர் நிலத்தில் தோண்டின கிணற்றுத் தண்ணியில் தினமும் துவைக்கிறாள். பாட்டின் தலைவன் உடுத்தியிருக்கும் பளிச்சென்ற வெள்ளைத் துணி அவள் வெளுத்தது. ஏன் களர்க் கிணறு? களர் மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கும். இன்னைக்குக் கடையில் சலவைச் சோடா என்று விற்பதும் அதுதான். வேதியியல் தெரியாமலேயே சரியான கிணற்றைத் தேடிப் போயிருக்கிறாள். எங்க ஊர்ப் பக்கம் ரொம்ப காலம் வெள்ளாவி வைக்க உவர்மண் அள்ளிக்கொண்டு போவார்கள் என்று அப்பத்தா சொல்லிக் கேட்டிருக்கேன். பயிருக்கு ஆகாத மண் துணிக்கு ஆகும்.

எங்க ஐயா, அதாவது தாத்தா, ஒன்று சொல்வாராம்: “உவர்னா கழுவு, களர்னா கைகழுவு.” சொன்னவர் விவசாயி, ஆனால் முதல் பாதி அப்படியே பாடப்புத்தகம். உவர் நிலத்தில் நல்ல தண்ணியைத் தேக்கி வடித்தால் உப்பு கரைந்து போயிடும். களர் நிலத்தில் வெறும் தண்ணி விட்டால் இன்னும் மோசமாகும். அமெரிக்காவில் ரிவர்சைடு உவர்மண் ஆய்வுக்கூடம் 1954இல் ஒரு கையேடு போட்டது; உலகம் முழுக்க இந்த ரெண்டையும் அளந்து பிரிக்க இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். களிமண்ணில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கும் இடங்களில் 100க்கு 15ஐ சோடியம் பிடித்துவிட்டால் அது களர். பி.எச். அளவு 8.5ஐத் தாண்டியிருக்கும். தமிழ்நாட்டில் உப்பால் பாதிக்கப்பட்ட நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர் என்று கணக்கு; அதில் 3.55 லட்சம் ஹெக்டேர் களர். அதாவது நம்ம பிரச்சினை பெரும்பாலும் ஐயா சொன்ன ரெண்டாவது பாதிதான். கைகழுவச் சொன்ன பாதி.

சரி, சோடியம் அங்கே என்னதான் பண்ணுது? இதைப் புரிந்துகொள்ள உங்க அபார்ட்மென்டுக்கு வாங்க. மொட்டை மாடியிலோ பேஸ்மென்டிலோ வாட்டர் சாஃப்டனர் ஒன்று இருக்கும். மாசம் ஒருமுறை யாரோ வந்து அதில் மூட்டை மூட்டையாக உப்பு கொட்டுவார். கீசரில் வெள்ளையாகப் படிகிறதே, அது தண்ணியில் இருக்கிற கால்சியம். சாஃப்டனரில் இருக்கும் பிசின் மணிகள் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தைத் தண்ணியில் விடும். கீசர் தப்பிக்கும். பால்கனியில் இருக்கிற துளசி தப்பிக்காது, அது வேற கதை.

இந்த மாற்றல் வியாபாரத்தை முதலில் கண்டுபிடித்தது மண்ணில்தான். 1840களில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஹாரி ஸ்டீபன் தாம்சன் என்ற நிலக்காரர், ஒரு குழாயில் மண்ணை அடைத்து மேலே அம்மோனியம் சல்பேட் கரைசலை ஊற்றினார். கீழே ஜிப்சம் வடிந்தது. அம்மோனியத்தை மண் பிடித்துக்கொண்டு, தன்கிட்ட இருந்த கால்சியத்தை வெளியே விட்டிருக்கு. 1850இல் தாமஸ் வே என்ற வேதியியலாளர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து ஜெர்மனியில் ராபர்ட் கான்ஸ் இதே தத்துவத்தில் தண்ணியை மென்மையாக்கும் கருவி செய்தார். மண்ணைப் பார்த்துத்தான் மெஷின். நாம மெஷினைப் பார்த்து மண்ணைப் புரிஞ்சுக்கிறோம், பரவாயில்லை.

களிமண் துகள்களின் மேல் எதிர்மின்னேற்றம் இருக்கும். கால்சியத்துக்கு ரெண்டு நேர்மின்னேற்றம், அதனால் அது துகள்களை நெருக்கமாகப் பிடித்துப் பொலபொலவென்று கட்டியாக்கும். சோடியத்துக்கு ஒன்றுதான், அதுவும் தன்னைச் சுற்றித் தண்ணியைப் பெரிய போர்வையாகப் போர்த்திக்கொண்டு வரும். அது நிறைந்தால் துகள்கள் விலகி, மாவு மாதிரி கரைந்து, மண்ணின் சின்னச் சின்னத் துளைகளை அடைத்துவிடும். பெரியப்பா நிலத்தில் தண்ணி இறங்காமல் நின்றதும், மேலே ஓடு கட்டினதும் இதனால்தான். வேருக்குக் காற்று போகாது. பி.எச். ஏறிப்போனதால் துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தாலும் கரையாது. செடிக்கு ஒரே நேரத்தில் மூச்சுத்திணறல், பட்டினி, அதுக்கு மேல் சோடியம்.

இதை வெள்ளைக்கார அரசு முதலில் கவலையோடு பார்த்தது வட இந்தியாவில். யமுனைக் கால்வாய் ஓரத்துக் கிராமங்களில், கால்வாய்த் தண்ணி வந்த பிறகு வயல்கள் வெள்ளை பூத்துப் பாழாகின்றன என்று 1850களிலேயே புகார் வந்தது. 1877இல் இதை விசாரிக்க ரே கமிட்டி என்று ஒரு குழுவே போட்டார்கள். ரே என்றால் அங்கே உப்புப் பூத்த மண். அதே நேரத்தில் இங்கே மதராஸ் மாகாணத்தில் தாதுவருஷப் பஞ்சம். 1890களில் இந்தியாவுக்கு வேளாண் வேதியியலாளராக வந்த ஜே. டபிள்யூ. லெதர், அந்த ஊசர் நிலங்களில் ஜிப்சம் போட்டுப் பரிசோதனை பண்ணினார். மண் திருந்தியது. விலைதான் கட்டுபடியாகவில்லை.

ஜிப்சம் யோசனை எங்கிருந்து வந்தது? கலிபோர்னியாவில் யூஜின் ஹில்கார்ட் என்ற மண்ணியல் பேராசிரியர் 1880களிலேயே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். மண்ணில் போட்டால் கால்சியம் போய்க் களிமண்ணில் உட்காரும், சோடியம் வெளியே வந்து சல்பேட்டோடு சேர்ந்து கரையும், தண்ணி விட்டால் அடித்துக்கொண்டு போகும். சாஃப்டனரைத் திருப்பிப் போட்ட மாதிரி. 1910களில் ரஷ்யாவில் கெட்ராய்ட்ஸ் என்பவர், களருக்குக் காரணம் களிமண் பிடித்து வைத்திருக்கும் சோடியம்தான் என்று தெளிவாகக் காட்டினார்.

இதுவரைக்கும் எல்லாரும் கால்சியத்தை மண்ணுக்கு மருந்தாகத்தான் பார்த்தார்கள். செடிக்குள்ளே அது என்ன செய்யுது? எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்பப் பிடித்த இடம் இது.

1902இல் அமெரிக்க வேளாண் துறையில் கியர்னி, கேமரூன் என்ற ரெண்டு பேர் லூப்பின் நாற்றுகளை வெறும் உப்புக் கரைசல்களில் வளர்த்துப் பார்த்தார்கள். இங்கே மண்ணே கிடையாது, கவனிங்க. சோடியம் உப்பு, மக்னீசியம் உப்பு தனியாக இருந்தால் கொஞ்சத்திலேயே வேர் செத்தது. அதே கரைசலில் கால்சியம் சல்பேட்டைச் சேர்த்தால், முன்பைவிடப் பல மடங்கு உப்பையும் வேர் தாங்கியது. உப்பை யாரும் எடுக்கவில்லை. விஷம் அப்படியே இருக்கு. பக்கத்தில் கால்சியம் வந்து நின்றது, அவ்வளவுதான்.

1969இல் கலிபோர்னியாவில் இமானுவேல் எப்ஸ்டைனும் பால் லஹேயும் பீன்ஸ் செடியை வைத்து இதை இன்னும் துல்லியமாகச் செய்தார்கள். கடல் தண்ணியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு. ஒரு வாரம். கால்சியம் குறைவாக இருந்த செடிகளின் இலைகளுக்குள் சோடியம் வெள்ளம் மாதிரி புகுந்தது, செடி வாடியது. கால்சியம் போதுமான அளவு இருந்த செடிகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

ஏன் இப்படி? வேரின் செல்களுக்குச் சுவர் மாதிரி ஒரு சவ்வு. அதில் ஆயிரக்கணக்கான சின்னக் கதவுகள். பொட்டாசியத்துக்கு ஒரு கதவு, இரும்புக்கு ஒன்று, இப்படி. சோடியத்துக்கென்று பெரும்பாலான பயிர்கள் கதவு வைக்கவில்லை; அதுக்கு அவ்வளவு தேவை இல்லை. ஆனால் சோடியம் பார்க்கப் பொட்டாசியம் மாதிரியே இருக்கும். ஒரே ஆள், ஒரே வருஷம் பிரித்தெடுத்த அண்ணன் தம்பி இல்லையா! கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே வந்துவிடும். உள்ளே வந்ததும் பொட்டாசியம் உட்கார வேண்டிய நாற்காலிகளில் உட்கார்ந்துகொண்டு, என்சைம்களின் வேலையைக் கெடுக்கும். வெளியே கால்சியம் போதுமான அளவு இருந்தால் சவ்வு கசியாமல் இறுகி நிற்கும், ஆளைப் பார்க்காமல் உள்ளே விடுகிற கதவுகள் பாதி மூடிக்கொள்ளும். 2000ஆம் ஆண்டு வாக்கில் ஜியான்-காங் ஜூவின் ஆய்வுக்குழு இன்னொன்றும் காட்டியது: உப்பு ஏறினதும் செல்லுக்குள் எழும் கால்சியம் சமிக்ஞைதான், சோடியத்தை வெளியே தள்ளும் பம்பை முடுக்கிவிடுகிறது. வாட்ச்மேனும் அதுதான், அலாரமும் அதுதான்.

இந்தக் கதவுக் கதை சோடியத்தோடு நிற்கலை. கொஞ்சம் வடக்கே பாலாற்றங்கரைக்குப் போவோம். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோமியம் ரசாயனங்களைச் செய்த ஒரு தொழிற்சாலை, 1990களில் மூடப்பட்டபோது 2 லட்சம் டன்னுக்கும் மேல் குரோமியக் கழிவை விட்டுவிட்டுப் போனது. பாலாற்றுத் தோல் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்புதான், மாசுபடுத்தினவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்தியது. அந்தக் குரோமியத்தின் ஆபத்தான வடிவம் குரோமேட். அதன் உருவம் சல்பேட் மாதிரி. அதனால் செடிக்குள் அது நுழைவது கந்தகச் சத்துக்கான கதவு வழியாக. பக்கத்தில் சல்பேட் நிறைய இருந்தால் குரோமேட்டுக்கு வழி குறையும். ஆர்சனிக்கும் அப்படித்தான்: 2008இல் ஜப்பானில் மா ஜியான் ஃபெங் குழு, நெல்லுக்குள் ஆர்சனிக் வருவது சிலிக்கான் கதவு வழியாக என்று கண்டுபிடித்தது. ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் அரிசி வழியாக மக்களின் எலும்பை உருக்கிய காட்மியம், நெல்லுக்குள் போனது மாங்கனீஸ் கதவில்.

ஆக, விஷ உலோகத்துக்குச் சொந்தமாக வழி கிடையாது. சத்துக்குப் போட்ட வழியில்தான் அது வருது. சத்து குறைந்த இடத்தில் வழி காலியாக இருக்கும். இதுக்காக ராணிப்பேட்டையில் கந்தகம் போட்டால் சரியாகிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அத்தனை கழிவைக் கிளறி எடுத்துப் பாதுகாப்பாக அப்புறப்படுத்தினால்தான் அங்கே தீர்வு. சத்து தாக்கத்தைக் குறைக்கும், குற்றத்தைக் குறைக்காது.

திரும்ப எங்க ஊருக்கு வருவோம். இங்கே ஒரு வேடிக்கை இருக்கு. கரிசல் மண்ணில் சுண்ணாம்புக்குப் பஞ்சமே கிடையாது. ஒரு முழம் தோண்டினால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி வரும். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே பந்தல்குடியில் சிமென்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கிறார்கள். சுண்ணாம்பு என்றால் கால்சியம். காலுக்கடியில் மருந்துக் கிடங்கே இருக்கு, அப்புறம் ஏன் மண் கால்சியப் பசியில் கிடக்குது?

ஏனென்றால் சுண்ணாம்பு கரையாது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணியில் ஜிப்சம் 2 கிராமுக்கு மேல் கரையும். சுண்ணாம்புக்கல் ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு கரைந்தாலே பெரிய விஷயம். மண் காரமாக இருந்தால் அதுவும் இல்லை. பணம் பேங்க்ல இருக்கு, ஏடிஎம் வேலை செய்யலை என்கிற நிலைமை. அந்தச் சுண்ணாம்பைக் கரைக்க மண்ணில் லேசான அமிலம் வேணும். அதைச் செய்யத் தெரிந்த ஒரு செடி நம்மகிட்ட இருக்கு: தக்கைப்பூண்டு. களர் நிலத்திலும் வளரும். ஒன்றரை மாசத்தில், பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதுவிட்டால் அது மட்கும்போது கார்பன் டை ஆக்சைடு வரும், அது ஈரத்தில் கரைந்து மெல்லிய அமிலமாகும், சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கால்சியத்தை விடும்.

அப்படின்னா அந்தக் காலத்தில் களரே இல்லையா? இருந்தது. புறநானூற்றுப் பெண்ணுக்குக் கிணறு எங்கிருந்து வந்தது! பழசு எல்லாம் பொற்காலம் என்று பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பெரியப்பாவின் ஒன்றரை ஏக்கர் பரம்பரைக் களர் கிடையாது. அது எங்க கண் முன்னாடி களரானது. அதுக்குக் காரணம் போர் தண்ணி.

பாறைக்கு நடுவே ஆழத்தில் வெகுகாலம் கிடந்த தண்ணியில் சோடியமும் பைகார்பனேட்டும் அதிகமாக இருக்கலாம். 1950இல் ஃபிராங்க் ஈட்டன் என்ற ஆய்வாளர் இதன் ஆபத்தை விளக்கினார். அந்தத் தண்ணி வயலில் காயும்போது பைகார்பனேட், மண்ணில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாகப் படிய வைத்துவிடும். கரையாத சுண்ணாம்பு. மிச்சம் நிற்பது சோடியம் மட்டும். சொட்டுநீர்க் குழாயின் வாயில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளுமே, அது உப்பு என்று பெரியப்பா நினைத்தார். அது மண்ணுக்குக் கிடைக்க வேண்டிய கால்சியம். அவர் தண்ணி பாய்ச்சப் பாய்ச்ச, மண் தன் கால்சியத்தை இழந்துகொண்டே இருந்தது. அந்தத் தண்ணி உப்புக் கரிக்கக்கூட இல்லை. குடித்துப் பார்த்துத்தான் கத்தரி வைத்தார்.

போருக்கு முன்னாடி அங்கே நடந்ததை இப்போ நினைத்துப் பார்க்கிறேன். கண்மாய்த் தண்ணி என்பது மழைத் தண்ணி; அதில் உப்பு ரொம்பக் குறைவு, வருஷா வருஷம் மண்ணைக் கழுவிவிடும். கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டியில் அடித்து வயலில் கொட்டுவார்கள். போட்ட பயிரோ பருத்தி, சோளம். 1977இல் ரிவர்சைடில் மாஸ், ஹாஃப்மன் என்ற ரெண்டு பேர், எந்தப் பயிர் எவ்வளவு உப்பு வரைக்கும் விளைச்சல் குறையாமல் தாங்கும் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். மண் ஈரத்தின் மின்கடத்தும் திறனை வைத்து அளவு. பருத்திக்கு 7.7, நெல்லுக்கு 3, மிளகாய்க்கு 1.5. எங்க ஐயா போட்டது பட்டியலின் மேல் பக்கம். பெரியப்பா மாறினது கீழ்ப் பக்கத்துக்கு. அவரைக் குறை சொல்ல முடியாது. பருத்தி விலையை நம்பி மூணு பிள்ளைகளைப் படிக்க வைக்க முடியாது, காய்கறியும் பூவும் தினமும் காசு தரும். சோளம் போட்டு அவர் கஷ்டப்பட்டிருந்தால் இந்த பாட்காஸ்ட் பண்ண நான் சென்னைக்கு வந்திருப்பேனா என்பதே சந்தேகம்.

வடக்கே என்ன ஆச்சு என்றால், 1969இல் கர்னாலில் மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. லெதர் காலத்தில் கட்டுபடியாகாத ஜிப்சம், அரசு மானியத்தோடு பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேச வயல்களுக்குப் போனது. ஜிப்சத்தை மேல்மண்ணில் கலந்து, தண்ணியைத் தேக்கி, முதல் பயிராக நெல் வைத்தார்கள். லட்சக்கணக்கான ஹெக்டேர் ஊசர் நிலம் திரும்ப விளைந்தது. தமிழ்நாட்டில் திருச்சியில் களருக்கென்றே ஆராய்ச்சி நடந்தது. அங்கிருந்து 1995இல் டிஆர்ஒய் 1 என்ற களர் தாங்கும் நெல் ரகம் வந்தது.

ஆனால் அந்த மாதிரி அப்படியே திருச்சுழிக்குப் பொருந்தாது. அங்கே கால்வாயும் நல்ல நிலத்தடி நீரும் இருந்தன. ஜிப்சம் சோடியத்தைக் களிமண்ணிலிருந்து இறக்கிவிடும், அவ்வளவுதான். அதை வயலை விட்டு வெளியே கொண்டுபோகத் தண்ணி வேணும், நல்ல தண்ணி. விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். திருச்சுழிக்கு அந்தப் பெயரே பிரளய வெள்ளத்தைச் சிவன் சுழித்து பூமிக்குள் அனுப்பினார் என்ற கதையில் வந்தது என்பார்கள். இப்போ அந்த வெள்ளத்தில் கொஞ்சம் கிடைத்தால் பரவாயில்லை.

அதனால் இங்கே வேலையை மழைக்காலத்தைக் கணக்கு வைத்துத்தான் செய்ய வேண்டியிருக்கு. கோடையில் மண் பரிசோதனை, பி.எச். மட்டும் பார்த்தால் போதாது, எவ்வளவு ஜிப்சம் வேணும் என்பதையும் கேட்டு வாங்கணும். நிலத்தைச் சமமாக்கி, வரப்பை உயர்த்தி, ஓடைப் பக்கம் ஒரு வடிகால். மழைக்கு முன்னாடி ஜிப்சத்தைத் தூவி மேலாக உழுதுவிடணும். ஐப்பசி மழை வயலிலேயே நின்று வடியணும். அடுத்து தக்கைப்பூண்டு. போர் தண்ணியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், தொட்டியில் ஜிப்சம் கட்டிகளை நிரப்பி அதன் வழியாகத் தண்ணியை விட்டு, கால்சியத்தை ஏற்றிப் பாய்ச்சலாம். ஜிப்சம் படுகை என்பார்கள். பயிர் வைக்கும்போது துத்தநாக சல்பேட். நெல்லி, இலந்தை மாதிரி மரங்கள் களரை ஓரளவு தாங்கும். கோவிலாங்குளத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இந்த மாதிரி மானாவாரிப் பழமரங்களில் வேலை பார்த்த இடம். ஏபிகே 1 சீதாப்பழம் அங்கிருந்து வந்ததுதான்.

ஜிப்சம் எங்கே கிடைக்கும்? ஊட்டத்தூர்ப் பக்கம் பூமியிலேயே இருக்கு. தூத்துக்குடியில் ரெண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று உரத் தொழிற்சாலையில் பாஸ்பாரிக் அமிலம் செய்யும்போது மிஞ்சுவது. இது மலிவு, ஆனால் மூலப்பாறையில் இருந்த காட்மியம், ரேடியம் கொஞ்சம் கூடவே வரலாம். ஒரு உலோகத்தை விரட்ட இன்னொன்றைக் கூட்டி வரக் கூடாது இல்லையா, அதனால் பரிசோதனை அறிக்கை கேட்டு வாங்குவது நல்லது. இன்னொன்று உப்பளத்தில் கிடைப்பது. கடல் தண்ணி காயும்போது சமையல் உப்பு படிவதற்கு முன்னாடியே ஜிப்சம் படிந்துவிடும். விஷமும் மருந்தும் ஒரே பாத்தியில், ஒன்றன் பின் ஒன்றாக.

சீமைக்கருவேலத்தைப் பற்றிக் கேட்பீர்கள். 1870களில் மதராஸ் மாகாணத்துக்கு வந்த மரம், இப்போ எல்லாருக்கும் எதிரி. ஆனால் கர்னால் ஆய்வுகளில், வருஷக்கணக்கில் அது நின்ற களர் மண்ணில் பி.எச். இறங்கியிருக்கு, மட்கு ஏறியிருக்கு. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. “அந்தச் சனியனுக்கு நன்றி சொல்லணுமாக்கும்?” என்றார். மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்றுவிட்டு, இந்தச் சித்திரையில் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். பி.எச். 9.1. ஒன்றரை ஏக்கரையும் ஒரே வருஷத்தில் செய்யக் காசு பத்தாது, முதலில் அரை ஏக்கர் மட்டும் என்று அவரே முடிவு பண்ணினார்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினார். ஜிப்சம் லோடு இறங்கிவிட்டதாம், தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்காராம், மழை எப்போ வரும் என்று போனில் பார்த்துச் சொல்லு என்றார். பார்த்தேன். இன்னும் பத்து நாளைக்கு ஒன்றும் காட்டவில்லை. “சரி, அதுவரைக்கும் வரப்பைப் போடுறேன். உன் துளசி என்னாச்சு?” என்று கேட்டார். சாஃப்டனர் தண்ணி ஊற்றாமல் ஆர்.ஓ.வுக்கு முந்தின கார்ப்பரேஷன் தண்ணியை ஊற்றுகிறேன், புதுத் துளிர் ரெண்டு வந்திருக்கு என்றேன்.

கண்மாய்களைப் பற்றி இன்னைக்குப் பாதியில் விட்டிருக்கேன். அடுத்த எபிசோடு அதுதான். சந்திப்போம்.